அப்பா ஏன் எழுந்திரிக்கவில்லை? சின்னக் குழந்தைக்கு பைபோலாரை எப்படிச் சொல்வது

கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது சுவரை ஒட்டி ஒரு பழைய துண்டு சுருண்டு கிடந்தது. இழுத்துப் பார்த்தால் உள்ளே கலர் பென்சில் டப்பா. ஐந்து வயது மகளின் வேலை. எதற்கு ஒளித்து வைத்தாய் என்று கேட்டேன், பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே வந்து, "நான் அன்னிக்கு இதெல்லாம் கீழ கொட்டிட்டேன்ல, அப்பா திட்டினாங்கல்ல, அதுக்கப்புறம்தான் அப்பா எந்திரிக்கவே இல்ல" என்றாள்.

என் கணவருக்கு பைபோலார், மனநிலை சில காலம் அளவுக்கு மீறி ஏறி, சில காலம் அடியோடு இறங்கிவிடும் நோய். அப்போது டிப்ரஷனில், அதாவது இறங்கிய நிலையில், மூன்றாவது வாரம். தூக்கம் கெட்டதும், மாத்திரையை அவராகவே குறைத்ததும்தான் காரணம் என்று பெரியவர்கள் நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பிள்ளைகளிடம் "அப்பாவுக்குக் களைப்பு" என்பதோடு நிறுத்திவிட்டோம். அவள் தனியாக உட்கார்ந்து ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பரிகாரமும் செய்து முடித்திருந்தாள்.

அவளிடமும், அப்போது எட்டு வயதாகியிருந்த அண்ணனிடமும் இதை எப்படிச் சொல்வது என்று நாங்கள் உருப்படியாக யோசிக்க ஆரம்பித்தது அந்த டப்பாவுக்குப் பிறகுதான். வழிகள் பல. சிலவற்றில் கையைச் சுட்டுக்கொண்டோம். மூன்றிலிருந்து எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். பதின்வயது என்றால் கணக்கே வேறு.

சொல்லாமல் விடுவது

இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. குழந்தைப் பருவத்தில் இந்தப் பாரம் எதற்கு என்ற நினைப்பு நியாயமானதுதான். இரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைக்கு உண்மையிலேயே விளக்கம் எதுவும் தேவையில்லை. யாரோ ஒருவர் நேரத்துக்குச் சோறு ஊட்டி, குளிப்பாட்டி, அதே பாட்டைப் பாடித் தூங்க வைத்தால் போதும்.

மூன்று வயதுக்கு மேல் இது எடுபடாது. ஸ்விஸ் உளவியலாளர் ழான் பியாஜே, இரண்டிலிருந்து ஏழு வயது வரையிலான குழந்தையின் யோசனை தன்னையே நடுவில் வைத்துச் சுற்றுவது என்று எழுதினார். நிலா தன் பின்னாலேயே வருகிறது என்று நம்புகிற வயது அது. நிலாவே பின்னால் வரும்போது, அப்பா படுத்திருப்பது மட்டும் தன்னால் இல்லை என்று அந்தக் குழந்தை எப்படி நினைக்கும்? நாம் வாயை மூடிக்கொண்டால் அந்த இடம் காலியாக இருக்காது. குழந்தை அதில் தன்னைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். இந்த ஒரு காரணத்துக்காகவே சொல்லாமல் விடும் வழியை நான் தள்ளிவிடுவேன். மற்ற வழிகளை எடைபோடும்போதும் என் முதல் கேள்வி இதுதான்: இதைக் கேட்ட பிறகு, 'என்னால்தானோ' என்ற எண்ணம் குழந்தைக்குப் போகுமா, போகாதா?

பாதி உண்மை

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். களைப்பு, தலைவலி, உடம்பு சரியில்லை, வெளியூர் போயிருக்கிறார். பொய் என்றும் சொல்ல முடியாது, அந்த நேரத்துக்குக் காரியமும் நடக்கும்.

எங்கள் வீட்டில் 'களைப்பு' என்ற சொல் என்ன செய்தது என்று சொல்கிறேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்து, "இன்னிக்கு ரொம்பக் களைப்பா இருக்குடா" என்றேன். மகன் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தான். "எத்தனை நாளைக்கும்மா?" என்றான்.

அவனுக்குக் களைப்பு என்றால் மூன்று வாரம். காய்ச்சல் என்று சொன்னாலும் இதே சிக்கல்தான், கூடவே ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயமும் சேரும். தனக்கு லேசாகச் சூடு அடித்தாலும் தானும் அப்பா மாதிரி ஆகிவிடுவோமோ என்று நினைக்கும்.

இருப்பதிலேயே மோசம் 'வெளியூர்'. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு உறவினர் நல்லெண்ணத்தில் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லிவிட்டார். நான் போனில் வார்டு, டிஸ்சார்ஜ் என்று பேசியதை மகன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். ஒன்றும் கேட்கவில்லை. பல மாதம் கழித்து நான் நிஜமாகவே வேலை விஷயமாக இரண்டு நாள் வெளியூர் கிளம்பியபோது வாசலில் நின்று அழுதான். அப்போதுதான் புரிந்தது.

பாதி உண்மைக்கு ஒரே ஒரு இடம் உண்டு. நள்ளிரவில், அவசரமாக ஆளைக் கூட்டிக்கொண்டு போகும்போது முழு விளக்கம் சொல்ல முடியாது. "அப்பாவுக்கு முடியல, டாக்டர்கிட்ட போறோம், நீ எதுவும் தப்பு பண்ணல, காலையில நான் உன்கிட்ட பேசுறேன்" என்று நாலு வாக்கியம் போதும். ஆனால் காலையில் பேசியே ஆக வேண்டும்.

உவமை சொல்லி விளக்குவது

குழந்தைக்குக் கதைதான் புரியும் என்பது சரி. எந்தக் கதை என்பதில்தான் வம்பு.

மழையும் வெயிலும் என்று சொல்வது பலருக்கும் முதலில் தோன்றும். யார் மேலும் குற்றம் இல்லை என்று இது அழகாகச் சொல்லிவிடும், என் முதல் கேள்வியில் தேறிவிடும். ஆனால் மழைக்கு மருந்து கிடையாது. அப்படியென்றால் அப்பா எதற்கு மாத்திரை சாப்பிடுகிறார், எதற்கு டாக்டரிடம் போகிறார் என்பது கதைக்குள் வராது. இடிக்குப் பயப்படுகிற பிள்ளையாக இருந்தால் அது வேறு வினை.

ஊஞ்சலும் நாங்கள் சொல்லிப் பார்த்ததுதான். மேலே போகும், கீழே வரும். மகள் உடனே கேட்டாள், "யார் தள்ளினா?" அவ்வளவுதான், மறுபடியும் குற்றவாளியைத் தேடும் படலம். இன்னொரு குறையும் உண்டு. ஊஞ்சல் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறி இறங்கும், பைபோலார் அப்படி இல்லை. ஏறிய நிலையை மேனியா என்று மருத்துவர் சொல்வதற்கே பொதுவாக ஒரு வாரமாவது அந்த நிலை நீடித்திருக்க வேண்டும், டிப்ரஷனுக்கு இரண்டு வாரம். ஊஞ்சல் கதை கேட்ட குழந்தை சாயங்காலத்துக்குள் அப்பா சரியாகிவிடுவார் என்று கதவருகே காத்திருக்கும். காலையில் சிரித்து மத்தியானம் சிடுசிடுப்பவரையெல்லாம் 'பைபோலார்' என்று பெரியவர்கள் கிண்டல் செய்வதும் இதே தப்பான படத்தை வைத்துத்தான்.

கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது சைக்கிள். மகன் அப்போதுதான் ஓட்டப் பழகியிருந்தான். அப்பா மூளையில் ஒரு சைக்கிள் இருக்கிறது என்று வைத்துக்கொள். சில சமயம் அதன் பிரேக் வேலை செய்வதில்லை. இறக்கத்தில் வேகமாகப் போகும், முதலில் ஜாலியாக இருக்கும், அப்புறம் நிறுத்தவே முடியாது. சில சமயம் இரண்டு டயரிலும் காற்று இறங்கிவிடும், எவ்வளவு மிதித்தாலும் நகராது. டாக்டருக்கு இந்த சைக்கிளைப் பார்க்கத் தெரியும். மாத்திரை பிரேக்கைப் பிடிக்க உதவும், ஆனால் மெதுவாகத்தான். யாரும் சைக்கிளை உடைக்கவில்லை. நீ கலர் பென்சில் கொட்டினால் டயரில் காற்று இறங்குமா? இறங்காது.

'மெதுவாகத்தான்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். லித்தியம் மாதிரியான மருந்து மேனியாவை அடக்க ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை ஆகலாம். மாத்திரை போட்டால் நாளைக்கே சரியாகிவிடும் என்று சொல்லி வைத்தால், நாளை மறுநாள் குழந்தை நம்மையும் நம்பாது, மாத்திரையையும் நம்பாது.

சைக்கிளும் சரியான உவமை என்று சாதிக்க மாட்டேன். பிரேக்கை ஒரு தடவை மாற்றினால் தீர்ந்தது, இந்த நோய்க்கு அந்த வசதி கிடையாது. அதைக் கேள்வி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். உங்கள் பிள்ளைக்கு சைக்கிள் தெரியாது என்றால் வேறு எடுங்கள். அது தினமும் தொட்டுப் பழகிய பொருளாக இருக்கட்டும்.

சந்தோஷமான அப்பாவை என்ன சொல்வது?

டிப்ரஷனைச் சொல்வது எளிது. படுத்திருக்கிறவர் நோயாளி என்பது எந்தக் குழந்தைக்கும் பிடிபடும். மேனியாவைச் சொல்வதுதான் கஷ்டம், அதுவும் அதன் ஆரம்ப நாட்களை.

ஒரு முறை ராத்திரி இரண்டு மணிக்கு அவர் பிள்ளைகளை எழுப்பி, வரவேற்பறைச் சுவர் முழுக்கக் காடு வரையலாம் என்றார். வரைந்தார்கள். நான் எழுந்து வந்தபோது மகள் சோபாவின் முதுகில் ஏறி நின்று, முழங்கை வரை பச்சைப் பெயிண்டோடு ஒரு யானைக்கு வால் போட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அவளிடம் அதிகம் பார்த்ததில்லை. அடுத்த நான்கு நாள் அவர் தூங்கவில்லை. ஐந்தாம் நாள், யானையின் வால் கோணல் என்று கத்தி, பெயிண்ட் டப்பாவைச் சுவரில் எறிந்தார்.

மாதங்கள் கழித்து அவள் கேட்டாள்: "அந்த யானை அப்பா எப்ப வருவாங்க?"

இங்கே இரண்டு வழி. அந்த இரவு முழுக்க நோய்தான் என்று சொல்லிவிடலாம். மருத்துவக் கணக்கில் சரி. ஆனால் அவள் காதில் விழுவது என்ன? அப்பா என்னோடு விளையாடியது நிஜமில்லை, சந்தோஷமாக இருப்பதே நோய். அப்புறம் அவர் சும்மா வாய்விட்டுச் சிரித்தால்கூடக் குழந்தை திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வையை எங்கள் வீட்டில் பார்த்துவிட்டேன், யாருக்கும் வேண்டாம்.

இன்னொரு வழி, இரண்டையும் பிரித்துச் சொல்வது. அதைச் சொன்னவர் அவரேதான். "பாப்பா, உன்கூட வரைஞ்சது எனக்கும் நிஜமாவே பிடிச்சுது. அது நோய் இல்ல. நிறுத்த முடியாமப் போச்சு பாரு, தூங்காம, கத்தி, டப்பாவை எறிஞ்சேன் பாரு, அதுதான் நோய். எறிஞ்சது தப்பு, அதுக்கு அப்பா சாரி." இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. நோய் என்பதால் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். குழந்தைக்கு அந்த மன்னிப்பு தேவைப்படுகிறது, கேட்டுவிடுவதே நல்லது.

பெயரைச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் பெயரில் ஆரம்பிக்காதீர்கள். தூங்காதது, வேகமாகப் பேசுவது, படுத்தே கிடப்பது என்று கண்ணால் பார்த்ததை முதலில் சொல்லி, கடைசியில் "இதுக்கு டாக்டருங்க பைபோலார்னு பேர் வச்சிருக்காங்க" என்று முடித்தால் போதும். இருமுனையக் கோளாறு என்ற சொல் எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது, ஐந்து வயது வாய்க்கு அது நுழையாது. ஆஸ்பத்திரியிலும் போனிலும் அவள் கேட்கப்போவதும் பைபோலார் என்ற சொல்லைத்தான். பழைய ஆட்கள் மேனிக் டிப்ரஷன் என்பார்கள். அமெரிக்க உளமருத்துவக் கையேடு 1980இல்தான் பைபோலாருக்கு மாறியது.

பெயர் இல்லாமல் விட்டால் என்ன கெட்டுப்போகும்? வெளியே யாராவது ஒருவர் ஒரு பெயர் வைப்பார், 'பைத்தியம்' என்று. அதற்கு முன்னால் நம்முடைய சொல் குழந்தையின் காதுக்குள் போயிருக்க வேண்டும். உலகத்தில் எத்தனையோ பேருக்கு இது இருக்கிறது என்பதும் பெரிய பிள்ளைக்கு ஆறுதல். உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கில் நான்கு கோடிப் பேர். மகன் அந்த எண்ணில் எத்தனை பூஜ்யம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப நம்ம அப்பா மட்டும் இல்ல" என்றான்.

யார் சொல்வது, எப்போது?

நோயில்லாத பெற்றோர் தனியாகச் சொல்லலாம், நோயுள்ளவரே சொல்லலாம், இருவரும் சேர்ந்து உட்காரலாம், மருத்துவரையோ உளவியலாளரையோ சொல்ல வைக்கலாம்.

நான் தனியாகச் சொன்னபோது ஒரு குறை தெரிந்தது. அவர் இல்லாத நேரத்தில் தாழ்ந்த குரலில் சொன்னதால், இது அப்பாவுக்குத் தெரியக்கூடாத விஷயம் என்று மகள் எடுத்துக்கொண்டாள். மருத்துவர் சொன்னால் விவரம் பிசகாது, பெரிய பிள்ளைக்கு நம்பிக்கையும் வரும். ஆனால் சின்னக் குழந்தை புது இடத்தில் வாய் திறக்காது, கேள்வியெல்லாம் வீட்டுக்கு வந்து பாத்ரூமில்தான் வரும்.

இதைப் பற்றி ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. பாஸ்டனில் வில்லியம் பியர்ட்ஸ்லி என்ற குழந்தை மனநல மருத்துவர், பெற்றோருக்கு டிப்ரஷன் போன்ற மனநிலை நோய் இருந்த சுமார் 100 குடும்பங்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவில் பெற்றோருக்குச் சொற்பொழிவு மட்டும். மற்றதில் ஒரு ஆலோசகர் முதலில் பெற்றோரோடு பேசி, அப்புறம் பிள்ளைகளைத் தனியே பார்த்து, கடைசியில் குடும்பமாக உட்கார்ந்து பெற்றோரே பேசுவதற்குத் துணை இருப்பார். இரண்டிலும் பலன் கிடைத்தது, குடும்பமாகப் பேசியவர்களுக்குக் கூடுதலாக. அந்தப் பிள்ளைகள் 8 முதல் 15 வயதுக்காரர்கள், ஆகவே ஐந்து வயதுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஆலோசகர் பெற்றோரைத் தயார் செய்கிறார், பேசுவது பெற்றோர் என்ற அந்த ஏற்பாட்டை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். எங்கள் மருத்துவரிடம் "பிள்ளைகளிடம் நீங்கள் பேசுங்கள்" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நாங்கள் என்ன சொல்வது என்று எங்களோடு ஒத்திகை பாருங்கள்" என்று கேட்டோம். அரை மணி நேரம் ஆனது. (நார்வேயில் 2010இலிருந்து இதற்குச் சட்டமே இருக்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவருக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்குத் தேவையான தகவலும் ஆதரவும் கிடைக்க மருத்துவப் பணியாளர்கள் உதவ வேண்டும்.)

நேரத்தைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் நன்றாக இருக்கும் காலத்தில், இருவரும் சேர்ந்து, பத்து நிமிஷத்துக்கு மேல் போகாமல். மேனியாவில் இருக்கும்போது தனக்கு நோய் என்பதையே பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அப்போது பேச்சை எடுத்தால் குழந்தை முன்னாலேயே சண்டை வரும். எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுவதைவிட, எதையாவது செய்துகொண்டே பேசுவது எளிது. நாங்கள் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டே பேசினோம்.

ஒரு தடவையோடு முடியாது. அவர் லித்தியம் ஆரம்பித்த பிறகு, "அப்பா ஏன் இவ்ளோ தண்ணி குடிக்கிறாங்க? கை ஏன் ஆடுது?" என்று மகள் கேட்டாள். தாகமும் கை நடுக்கமும் அந்த மருந்தோடு வரக்கூடியவை. ரத்தப் பரிசோதனை முடிந்து கையில் பஞ்சை ஒட்டிக்கொண்டு வந்தால் அதற்கும் ஒரு கேள்வி. கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

ஒரு கேள்வியை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. "அப்பா செத்துப்போயிடுவாங்களா?" இதைக் குழந்தை கேட்டால், அவர் அப்படி ஏதாவது சொன்னது காதில் விழுந்ததா என்று நிதானமாக விசாரியுங்கள். விழுந்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். குழந்தையிடம், "நீ சொன்னது நல்லது. அப்பாவைப் பாத்துக்கறது பெரியவங்க வேலை, டாக்டர்கிட்ட இன்னிக்கே பேசுறேன்" என்று சொல்லுங்கள். அப்பா மாத்திரை போட்டாரா பார், தூங்குகிறாரா பார் என்று குழந்தையை ஒருபோதும் காவலுக்கு நிறுத்தாதீர்கள். அவசரத்துக்கு யாருக்கு போன் செய்வது, பக்கத்தில் யார் வீட்டுக்குப் போவது என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

வெளியே சொல்லலாமா?

யாரிடமும் சொல்லாதே என்றால் அது வெட்கப்பட வேண்டிய விஷயமாகிவிடும். எல்லோரிடமும் சொல்லலாம் என்றால் வகுப்பில் யாராவது சீண்டுவார்கள். நாங்கள் ஒரு காகிதத்தில் மூன்று பெரியவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தோம், அவர்களிடம் எப்போது வேண்டுமானாலும், என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று. அந்த மூன்று பேரிடமும் முன்னாலேயே சொல்லி வைத்தோம். மகள் நாலாவதாகத் தன் கரடி பொம்மையின் பெயரைச் சேர்த்தாள், ஆட்சேபணை இல்லை.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் மகன், பதினொன்று ஆகிறது அவனுக்கு, நேராகவே கேட்டான்: "எனக்கும் வருமா?" அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்தான், ஆனாலும் நூற்றில் ஐந்திலிருந்து பத்து பேருக்குத்தான் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிற கணக்கு. என் கணவர் அதை அப்படியே அவனிடம் சொன்னார். நூறு பேரில் தொண்ணூறு பேருக்கோ அதற்கு மேலோ வராது. வந்தால் என்ன செய்வது என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது எல்லோருக்குமே நல்லது, உனக்குக் கொஞ்சம் கூடுதலாக.

அவன் யோசித்தான். "அப்ப ராத்திரி பத்து மணிக்கு மேல கேம் ஆடக்கூடாதுன்னு சொல்றது இதுக்குத்தானா?"

"பாதி இதுக்கு" என்றார் அவர்.